மூக்குக்குத் தெரியாத கிருமி

முந்தின நாள் கோழிக்கறி மிஞ்சிக் கிடந்தால், காலையில் அம்மா சட்டியின் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். "கெட்டுப் போகல, சாப்பிடு" என்பார். மலேசியாவின் பினாங்கில் நான் வளர்ந்த வீட்டில் உணவுப் பாதுகாப்பு என்றால் அவ்வளவுதான். இன்றும் பெரும்பாலான தமிழ் வீடுகளில், கோயில் அடுக்களைகளில், ஏன், பல சாப்பாட்டுக் கடைகளிலும்கூட கடைசித் தீர்ப்பு மூக்கினுடையதுதான்.

புளித்த வாடை, நூல் நூலாக இழுக்கும் பிசுபிசுப்பு, மேலே மிதக்கும் நுரை எல்லாம் உணவைக் கெடுக்கும் கிருமிகளின் வேலை. அவற்றை மூக்கு சரியாகவே பிடித்துவிடும். சாப்பாட்டு வழியாக நோய் தரும் சால்மோனெல்லா என்ற கிருமி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. ஒரு கரண்டிக் கறியில் அது லட்சக்கணக்கில் பெருகியிருந்தாலும் வாசம் மாறாது, நிறம் மாறாது, ருசியும் குறையாது. சுகாதார அமைச்சு பள்ளிப் பிள்ளைகளுக்கு "பார், முகர், சுவைத்துப் பார்" என்று சொல்லிக்கொடுக்கிறது. நல்ல பழக்கம்தான், கெட்ட சாப்பாட்டை ஒதுக்க உதவும். ஆனால் அந்த மூன்றிலும் தேறிய சாப்பாட்டில் சால்மோனெல்லா இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இது வெறும் வயிற்றுப்போக்குச் சமாச்சாரம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நம்மூர்ச் செய்திகளைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். பினாங்குப் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் அதிக தூரமில்லை, கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி. 2013-ல் அங்கே ஒரு கல்யாண விருந்தில் கோழிக்கறி சாப்பிட்டவர்களில் நான்கு பேர் இறந்துபோனார்கள். 2018 அக்டோபரில் அதே கெடாவின் பாலிங் பகுதியில் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பு சாப்பிட்டவர்களில் இருவர் இறந்தார்கள். 2024 ஜூனில் கோம்பாக்கில், நம் பத்துமலை இருக்கும் அதே மாவட்டத்தில், பள்ளி நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்த சாப்பாட்டால் மேலும் இரு உயிர்கள் போயின. அதில் ஒன்று கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டி அதிக நாளாகாத குழந்தை. மூன்று சம்பவங்களிலும் விசாரணை கடைசியில் போய் நின்ற பெயர் சால்மோனெல்லா. அந்தச் சாப்பாடு நாறியது என்று யாரும் சொன்னதாக நான் படிக்கவில்லை. நாறியிருந்தால் அத்தனை பேர் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பெயரைக் கேட்டதும் சால்மன் மீன்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர் அது. 1885-ல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித், நோயுற்ற பன்றிகளில் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். பன்றிக் காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். அந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று பிற்பாடு தெரியவந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்றைக்கு இதில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு முக்கியமானது ஒரே ஒரு பிரிவினை. ஒரு பக்கம் டைபாய்டு வகை. அது மனித உடம்பில் மட்டுமே வாழும். ஒருவரின் கழிவிலிருந்து தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குப் போகும். மறுபக்கம் டைபாய்டு அல்லாதவை. கோழி, வாத்து, மாடு, பன்றி, பல்லி, ஆமை என்று எதன் குடலிலும் அவை சாதாரணமாகக் குடியிருக்கும். அந்தப் பிராணிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. முட்டை, கோழி, லக்சா என்று நாம் கேள்விப்படும் சம்பவங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் பிரிவின் வேலை.

இந்தப் பிரிவினையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் டைபாய்டு ஊசி. 2009-ம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி மலேசியாவில் சாப்பாட்டைக் கையாளும் எவரும் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்து டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். கடைக்காரர்களிடம் பேசிப் பாருங்கள், "எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். அந்த ஊசி டைபாய்டுக்கு மட்டும்தான். வழக்கமாகப் போடும் ஊசியின் பலன் மூன்று வருடம். கோழியிலும் முட்டையிலும் வரும் சால்மோனெல்லாவை அது தொடவே தொடாது. அவற்றுக்கு மனிதர்களுக்கான தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

ஊசி அவசியம்தான், அதில் சந்தேகமில்லை. டைபாய்டு வந்து குணமானவர்களில் சிலருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும், வருடக்கணக்கில். அவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மேலன் என்ற ஐரிஷ் பெண் அப்படித்தான். அவர் சமைத்த வீடுகளில் அடுத்தடுத்து டைபாய்டு வந்தது. 1907-ல் அவரைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இனிமேல் சமைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டதும் விட்டார்கள். 1915-ல் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் அடுக்களையில் வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி பிடிபட்டார். தான் நோயாளி என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. உடம்பு நன்றாக இருக்கும் ஒருவரிடம் "உன் கைதான் காரணம்" என்றால் யார்தான் நம்புவார்கள்?

சரி, இந்தக் கிருமி நம் அடுக்களைக்குள் எப்படி வருகிறது?

சௌராஸ்தா சந்தையோ ஆயர் ஈத்தாம் சந்தையோ, காலையில் கோழிக் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அறுத்த கோழியைச் சுடுதண்ணீரில் முக்கி, ரப்பர் விரல்கள் சுழலும் இயந்திரத்தில் போட்டு இறகு பிடுங்குவார்கள். ஒரு கோழியின் குடலிலோ தோலிலோ கிருமி இருந்தால் அந்தத் தண்ணீரும் ரப்பர் விரல்களும் அதை அடுத்த கோழிக்குக் கொண்டுபோகும். பெரிய தொழிற்சாலையிலும் கதை ஏறக்குறைய இதுதான், அளவு மட்டும் பெரிது. ஆகவே பச்சைக் கோழி என்றாலே அதில் சால்மோனெல்லா இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டுக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, மஞ்சள் போட்டு, மூன்று தண்ணீர் விட்டு அலசுகிறோம். நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் பழக்கம். மஞ்சளால் சால்மோனெல்லா சாகாது, தண்ணீராலும் போகாது. குழாய்த் தண்ணீர் கோழியின் மேல் விழுந்து தெறிக்கும் பொடித்துளிகள் பாத்திரம் கழுவும் தொட்டி, பக்கத்தில் காயவைத்த தட்டு, நறுக்கி வைத்த வெள்ளரிக்காய் என்று எல்லா இடத்திலும் போய் உட்காரும். சட்டிக்குள் போகும் கோழி வெந்துவிடும். வேகாமல் தட்டுக்கு வருவது அந்த வெள்ளரிக்காய்தான். அலசாமல் சமைக்க மனசு வரவில்லை என்றால், ஒரு பெரிய சட்டித் தண்ணீரில் மெதுவாக முக்கி எடுங்கள், அந்தத் தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றுங்கள், தொட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். வெட்டுப் பலகை இரண்டு வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

முட்டை விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கு ஒரு வழி. ஆனால் என்டெரைட்டிடிஸ் என்ற வகை, கோழியின் கருப்பைப் பாதையிலேயே குடியேறி, ஓடு உருவாகும் முன்னரே முட்டைக்குள் போய்விடும். அந்த முட்டையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. 1988 டிசம்பரில் பிரிட்டனின் சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் இந்தக் கிருமி இருப்பதாகச் சொல்லப்போய், முட்டை விற்பனை சரிந்து, இரண்டே வாரத்தில் பதவி விலகினார். பத்து வருடம் கழித்து அங்கே கோழிகளுக்கே தடுப்பூசி போடும் வழக்கம் பரவலாக வந்தது, நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நமக்குப் பக்கத்தில், 2021-ல் சிங்கப்பூர் உணவு முகவை மலேசியப் பண்ணை முட்டைகளை என்டெரைட்டிடிஸ் இருந்ததால் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. முட்டை ஒவ்வொன்றிலும் பண்ணையின் குறியீடு அச்சடித்திருந்ததால் எந்தப் பண்ணை என்று உடனே கண்டுபிடிக்க முடிந்தது.

இப்போது ஜார்ஜ் டவுனில் ஒரு காப்பிக் கடைக்கு வாருங்கள். காலை ஏழு மணி. ரொட்டி பாக்கார் என்ற வாட்டிய ரொட்டி, ஒரு கோப்பை கோப்பி, கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு அரை வேக்காட்டு முட்டை. சோயா சாஸ் இரண்டு சொட்டு, வெள்ளை மிளகுத் தூள். வெள்ளைக் கரு ஏறக்குறைய 62 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கும், மஞ்சள் கரு 65-ஐத் தாண்டிய பிறகுதான். சால்மோனெல்லாவைச் சட்டென்று கொல்ல 70 டிகிரி வேண்டும். மஞ்சள் கரு கிண்ணத்தில் ஓடுகிறது என்றால் அந்தச் சூட்டுக்கு அது போகவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் சாப்பிடவே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் 20,000 முட்டைகளில் ஒன்றில்தான் உள்ளே கிருமி இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஆரோக்கியமான ஆள், ஐஸ் பெட்டியில் வைத்த புது முட்டை, உடனே சாப்பிடுகிறார் என்றால் ஆபத்து சிறியது. அதே கிண்ணத்தை கர்ப்பிணிக்கும், எழுபது வயதுப் பாட்டிக்கும், "முட்டை சத்து" என்று ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் ஊட்டுவது வேறு கணக்கு. இன்னொன்றும் உண்டு. தனி முட்டையில் இருக்கும் சின்ன ஆபத்து, நூறு முட்டையை ஒரே வாளியில் உடைத்து ஊற்றும்போது பெரிதாகிவிடுகிறது. ஒன்றில் இருந்தால் போதும், வாளி முழுக்கப் பரவிவிடும். ரொட்டி தெலுர் என்ற முட்டை ரொட்டிக்கும் கேக்குக்கும் காலையிலேயே உடைத்து, மதியம்வரை அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கும் முட்டை வாளிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கும்.

காரணம், எண்ணிக்கை. ஆரோக்கியமான ஒருவரைச் சாய்க்க வழக்கமாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் கிருமிகள் உள்ளே போக வேண்டும். சமைத்த சாப்பாட்டில் கை பட்டோ பலகை பட்டோ ஒட்டுவது நூறு கிருமியாக இருக்கலாம். நம் ஊர்ச் சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்தில் நூறு 25,600 ஆகும். எட்டு மணி நேரத்தில் 65 லட்சத்தைத் தாண்டும். முதல் நான்கு மணி நேரத்துக்கும் அடுத்த நான்குக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று சுகாதார அமைச்சு ஓயாமல் சொல்வதன் பின்னால் இந்தப் பெருக்கல்தான் இருக்கிறது. 5 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும், 60-க்கு மேலே மெல்ல மெல்லச் சாகத் தொடங்கும். இடையில் உள்ள வெப்பத்தில் பெரும்பகுதி அதற்குச் சாதகம். அதற்கு மிகவும் பிடித்தது நம் உடம்புச் சூடான 37. பினாங்கின் மதியம் அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

என் மகன் படித்த ஒரு பள்ளியில் விளையாட்டுப் போட்டி. பிள்ளைகளுக்கு நாசி கோரெங் என்ற வறுத்த சோற்றுப் பொட்டலம் வந்தது, உள்ளே அவித்த முட்டைப் பாதி, ஒரு துண்டு கோழி. விடிகாலை நான்கு மணிக்குச் சமைத்து, சூடாக இருக்கும்போதே கட்டி, பெட்டிகளில் அடுக்கி, திடலோரம் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டபோது மணி பதினொன்றரை. பெட்டிக்கு நடுவில் இருந்த பொட்டலத்தை நான் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. "இன்னும் சூடா இருக்கு, நல்லா இருக்கும்" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெற்றோர். அந்த வெதுவெதுப்புதான் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. என் மகன் மூன்று நாள் படுத்திருந்தான்.

கோயில் அன்னதானத்திலும் இதைக் கவனிக்க வேண்டும். சைவச் சாப்பாடு, அதில் என்ன வரப்போகிறது என்று நினைப்போம். சோற்றிலும் பருப்பிலும் வேறு சில கிருமிகள்தான் அதிகம் தொல்லை தரும் என்பது உண்மை. ஆனாலும் தேங்காய்ச் சட்னி, பச்சையாகத் தூவும் தவ்கே என்ற பயறு முளை, வெட்டி வைத்த பழம், மோர் என்று வேகாத பண்டங்கள் எல்லாவற்றுக்கும் சால்மோனெல்லா போகும். தவ்கே முளைக்கும் இடமே ஈரமும் சூடும் சேர்ந்தது. விதையில் கொஞ்சம் கிருமி இருந்தால் முளையோடு சேர்ந்து அதுவும் வளரும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தாலே பெரிய வித்தியாசம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். ராத்திரியெல்லாம் கண் விழித்து, மனசார உழைக்கும் ஆட்கள் அவர்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒரே பெரிய குண்டானில் சமைத்து அப்படியே ஆறவிடாதீர்கள். அறுபது லிட்டர் குண்டானின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் அது கிருமிக்குப் பிடித்த சூட்டிலேயே இருக்கும். ஒன்று, அடுப்பிலேயே கொதிநிலைக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். இல்லை, சிறிது சிறிதாகச் சமைத்துக்கொண்டே பரிமாறுங்கள். எடுத்துவைக்கத்தான் வேண்டும் என்றால், அகலமான தட்டையான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி ஆறவைத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுபடி எடுக்கும்போது ஆவி பறக்கக் கொதிக்கவிட்டால் சால்மோனெல்லா செத்துவிடும். வேறு சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் போகாது என்பதால், மறுசூட்டை மட்டும் நம்பி வெளியே வைக்கவும் கூடாது.

சோறும் பலவகைக் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: கூட்டம் அலைமோதும் கடையில் கறி நிற்க நேரமில்லை, தட்டு காலியாகிக் காலியாகிப் புதிது வரும். கூட்டமில்லாத கடையில், மாலை நான்கு மணிக்கு, காலையில் பொரித்த கோழி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் நான் எடுக்க மாட்டேன்.

உடம்புக்குள் போனபின் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். வயிற்று அமிலம் முதல் காவல். நிறைய கிருமிகள் அங்கேயே சாகும். நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் போன்ற மாத்திரை தினமும் எடுப்பவர்களுக்கு இந்தக் காவல் பலவீனம். தப்பியவை சிறுகுடலுக்கு வந்து, ஊசிபோல் ஒரு அமைப்பால் குடல் செல்லுக்குள் தம் புரதங்களைச் செலுத்தும். செல் ஏமாந்து, கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பு எதிர்த்துச் சண்டை போடும்போது குடலில் அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சியில் உருவாகும் சில வேதிப்பொருள்களை சால்மோனெல்லாவால் மூச்சுக்குப் பயன்படுத்த முடியும், குடலில் வழக்கமாக வாழும் நல்ல கிருமிகளில் பெரும்பாலானவற்றால் முடியாது. நம் எதிர்ப்பையே தனக்கு வசதியாக்கிக்கொள்ளும் கிருமி இது.

சாப்பிட்ட 6 மணி முதல் 72 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் 12 முதல் 36 மணிக்குள், காய்ச்சல், வயிற்று வலி, பேதி, வாந்தி தொடங்கும். கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது நம் வழக்கம். உண்மையில் முந்தின நாள் சாப்பாடாகக்கூட இருக்கலாம். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். தேவைப்படுவது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், கிளினிக்கில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். சாதாரணப் பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. எடுத்தால் கிருமி உடம்பில் தங்கும் காலம் நீளவும் கூடும். பண்ணையிலும் மருத்துவத்திலும் அள்ளிக்கொடுத்த மருந்துகளுக்கு சால்மோனெல்லா பல இடங்களில் பழகிவிட்டது. கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை மலேசியா 2019 முதல் கால்நடைகளுக்குத் தடை செய்ததற்குப் பின்னணி இந்தக் கவலைதான்.

சிலருக்குக் கிருமி குடலைத் தாண்டி இரத்தத்தில் கலந்துவிடும். உயிர் போவது பெரும்பாலும் அப்போதுதான், அல்லது உடம்பில் தண்ணீர் வற்றி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், நீரிழிவுக்காரர்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். கடைசிப் பெயரில் நாம் நின்று யோசிக்க வேண்டும். 2019-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் மற்றவர்களைவிட அதிகம். நம் வீட்டு விருந்துக்கு வரும் ஐம்பது பெரியவர்களில் எத்தனை பேர் இந்தப் பட்டியலில் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பேதியில் இரத்தம் வந்தால், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல் நின்றால், சிறுநீர் குறைந்தால், குழந்தை சோர்ந்து கண் குழிவிழுந்தால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் வேண்டாம். இரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது அது கெடுதல்.

கிளினிக்குக்குப் போனால் எப்போது, எங்கே, யாரோடு சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள், மலப் பரிசோதனை கேட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள். 1988-ம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, உணவு நஞ்சாதல் என்று சந்தேகித்தாலே மருத்துவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிந்தால்தான் அவர்களால் அந்த அடுக்களைக்குப் போக முடியும். 1983-ம் ஆண்டு உணவுச் சட்டப்படி சுத்தமில்லாத இடத்தை 14 நாள்வரை மூடவும் அதிகாரம் உண்டு. ஆனால் அவர்கள் வந்து சேரும்போது பெரும்பாலும் குண்டான் கழுவிக் கவிழ்த்திருக்கும், பொட்டலங்கள் குப்பையில் போயிருக்கும். ஆகவே மிச்சம் ஏதாவது இருந்தால் எறியாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மேலே தேதியும் நேரமும் எழுதி, யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடாதபடி ஐஸ் பெட்டியில் தனியாக வையுங்கள். சுகாதார அலுவலகத்து ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.